ஒசாகாவில் ஒரு திங்கட்கிழமை: முதுகுப்பைப் பயணி ஒருவரின் ஒரு நாள் குறித்த நிகழ்வு ஆய்வு

2024 அக்டோபர் 21, திங்கட்கிழமை. ஒசாகாவில் அன்று விடியற்காலை ஐந்து மணி முதல் இரவு எட்டரை வரை நான் தனியாகச் சுற்றியதே இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நிகழ்வு. பெரிய விபத்தோ சாகசமோ அன்று நடக்கவில்லை. மிகவும் பார்க்க விரும்பிய ஓர் இடத்தின் கதவு என் முன்னால் சாத்தப்பட்டது. பார்க்க வேண்டும் என்று நினைத்தே இராத சில இடங்கள் மனத்தில் தங்கிவிட்டன. கையில் பணம் இருந்தும், வானிலை ஒத்துழைத்தும், ரயில்கள் நிமிடம் பிசகாமல் வந்தும் அந்த நாள் ஏன் அப்படி அமைந்தது என்பதை, அன்றிரவு குறிப்பேட்டில் எழுதி வைத்த நேரங்களையும் செலவுகளையும் கொண்டு இங்கே பரிசீலிக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒசாகாவில் உழைப்பவர்களுக்கு ஒரு கடிகாரம் இருக்கிறது, கோயிலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு கடிகாரம் இருக்கிறது. நான் இரண்டையும் விட்டுவிட்டுச் சுற்றுலாப் பேருந்தின் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு கிளம்பினேன்.

தங்கிய அறை

தங்கியிருந்தது நகரின் தெற்கே, ஷின்-இமாமியா ரயில் நிலையத்துக்கும் தோபுட்சுஎன்மாஏ மெட்ரோ நிலையத்துக்கும் எட்டும் தூரத்தில். வாடகை ஓர் இரவுக்கு 2,300 யென். அறையின் பரப்பு மூன்று தத்தாமிப் பாய்கள், அதாவது ஏறத்தாழ ஐந்து சதுர மீட்டர். மெத்தையை விரித்தால் முதுகுப்பையைச் சுவரோரம் நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். செருப்பை வாசலிலேயே கழற்றி மரச்சாவி கொண்ட சிறு பெட்டியில் பூட்ட வேண்டும். குளியலறை கீழ்த்தளத்தில், எல்லோருக்கும் பொது. மாலை நான்கு முதல் இரவு பத்து வரைதான் வெந்நீர்.

இந்த அறை ஏன் இத்தனை மலிவு என்று கேட்காமல் தங்குபவர்களே மிகுதி. பதில் அறையின் அளவிலேயே இருக்கிறது. இவ்வட்டாரத்தின் பழைய பெயர் கமகசாகி. 1966 முதல் அரசாங்க வழக்கில் ஐரின். 0.62 சதுர கிலோமீட்டர் மட்டுமே பரப்புள்ள இந்தப் பகுதிதான் ஜப்பானின் மிகப்பெரிய தினக்கூலித் தொழிலாளர் குடியிருப்பு என்று பெயர் பெற்றது. 1970 உலகக் கண்காட்சிக்காக ஒசாகா சாலைகளையும் பாலங்களையும் கட்டிக்கொண்டிருந்தபோது, நாட்டின் பல மூலைகளிலிருந்தும் தனியாக வந்த ஆண்கள் இங்கே குவிந்தார்கள். அவர்கள் இரவில் உடம்பைக் கிடத்துவதற்காகக் கட்டப்பட்ட விடுதிகளைத் ‘தோயா’ என்பார்கள். தங்குமிடத்தைக் குறிக்கும் ‘யாதோ’ என்ற சொல்லைத் தலைகீழாகத் திருப்பிய கொச்சை அது. தங்குமிடம் என்ற பெயருக்குக்கூட லாயக்கில்லாதது என்ற கசப்பு அந்தத் திருப்பலில் ஒலிக்கிறது. 1961 ஆகஸ்டில், டாக்ஸி மோதிக் கிடந்த தொழிலாளி ஒருவரைக் காவல்துறை நடத்திய விதத்தால் கொதித்தெழுந்த கலவரமே இப்பகுதியை நாடறியச் செய்தது. 1990களின் தொடக்கத்தில் பொருளாதாரம் சரிந்தது, கட்டுமான வேலை வற்றியது, தொழிலாளர்களுக்கு வயதாகிவிட்டது. காலியான அறைகளில் சில, அரசு உதவித்தொகையில் வாழும் முதியவர்களின் குடியிருப்பாயின. சிலவற்றுக்கு உரிமையாளர்கள் வண்ணம் பூசி, வைஃபை பொருத்தி, என்னைப் போன்றவர்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். 2022இல் ஷின்-இமாமியா நிலையத்தின் எதிரிலேயே ஆடம்பர விடுதி ஒன்று திறக்கப்பட்டது. இனி அந்தப் பாய் அறைகள் எத்தனை காலம் பாய் அறைகளாகவே இருக்கும் என்பது வேறு கதை.

ஐந்து மணிக்கு விழிப்பு வந்தது. அலாரத்தால் அல்ல, நடைவழியில் நகர்ந்த காலடிகளால். ஜன்னலுக்குக் கீழே, முழங்காலுக்குக் கீழ் புடைத்து விரியும் தொளதொளப்பான கால்சட்டையும் பெருவிரல் தனியாகப் பிரிந்த துணிக்காலணியும் அணிந்த ஆண்கள் ஒருவர் பின் ஒருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். 1970இல் திறக்கப்பட்ட தொழிலாளர் மையக் கட்டடம் 2019இல் மூடப்பட்டது. அதன்பின் வேலைக்கு ஆளெடுக்கும் இடம் அருகிலேயே உயர்த்தப்பட்ட ரயில் பாதையின் அடிக்கு மாறியது. நான் இறங்கி, அவர்களோடு அந்தத் திசையில் சிறிது தூரம் நடந்தேன். தெரு ஏற்கெனவே முழுமையாக விழித்திருந்தது. தானியங்கி விற்பனைப் பெட்டியில் ஒரு குவளைச் சூடான காப்பியை 50 யென்னுக்கு வாங்கிக் குடித்தேன். நகரின் பிற இடங்களில் பொதுவாக இதைப் போல் இரு மடங்குக்கு மேல். படம் எடுக்கவில்லை. அங்கே யாரும் காட்சிப்பொருளாக நிற்கவில்லை.

அப்போது மணி ஐந்தரை. என் கணக்கில் மிக முக்கியமான அரைமணி நேரம் அதுதான். அங்கிருந்து ஷிதென்னோஜி கோயில் கிழக்கே இருபது நிமிட நடை. மாதந்தோறும் 21, 22ஆம் தேதிகளில் அங்கே கூடும் சந்தை, நான் நின்றிருந்த நாளிலும் காலையிலேயே விரிந்திருக்கும். நான் என்ன செய்தேன்? அறைக்குத் திரும்பினேன், பல்பொருள் கடையில் வாங்கிய இரண்டு சோற்று உருண்டைகளைத் தின்றேன், மறுபடி படுத்தேன், ‘ஒசாகா என்றால் முதலில் கோட்டை’ என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்வதற்கு இணங்க எட்டு மணிக்கு வடக்கு நோக்கி ரயிலேறினேன்.

கோட்டை

மெட்ரோவில் ஒருநாள் அட்டை வார நாளில் 820 யென். தனிச் சீட்டு, நான் போக வேண்டிய தூரங்களுக்கு 240 யென்னைத் தாண்டாது. ஆக நான்காவது பயணத்தில்தான் அட்டை லாபத்துக்கு வரும். நான் அன்று ஏறியது மூன்றே முறை. மூன்றையும் 240 என்று வைத்தாலும் 720தான் ஆகும். பயணக் கணக்கில் மட்டும் பார்த்தால் 100 யென் நஷ்டம். அட்டையைக் காட்டினால் சில இடங்களில் நுழைவுக் கட்டணத்தில் சலுகை உண்டு. அதைக் கேட்கவும் மறந்தேன். சிக்கனம் என்று நினைத்து வாங்கும் அட்டைகள் பயணியை விரட்டவும் செய்கின்றன. நடந்தே போய்விடக்கூடிய தூரத்துக்கும், ‘காசு கொடுத்தாயிற்றே’ என்று படியிறங்கிச் சுரங்கத்துக்குள் போகத் தோன்றுகிறது.

தனிமச்சி 4-சோமே நிலையத்தில் இறங்கி, ஓத்தே வாயில் வழியாக உள்ளே போனேன். மைதானத்துக்கும் அகழிகளுக்கும் மதில்களுக்கும் கட்டணமில்லை. கோபுரத்துக்கு மட்டும் அப்போது 600 யென். 2025 ஏப்ரல் முதல் அதை 1,200 ஆக்கிவிட்டார்கள்.

ஜப்பானை ஒன்றிணைத்த தளபதி டொயொட்டொமி ஹிதேயோஷி 1583இல் இங்கே கோட்டை எழுப்பத் தொடங்கினார். 1615 கோடைப் போரில் அவருடைய வம்சமும் கோபுரமும் ஒன்றாக அழிந்தன. வென்ற தொக்குகவா அரசு 1620இல் பழைய கோட்டையின் மேலேயே மண்ணைக் கொட்டிப் புதிய மதில்களைக் கட்டியது. அதன் கோபுரம் 1665இல் இடி விழுந்து எரிந்தது. பிறகு 266 ஆண்டுகள் கோபுரமே இல்லை. இன்று நிற்பது 1931இல் கான்கிரீட்டில் கட்டியது. அன்றைய நகரவாசிகள் 15 லட்சம் யென் நன்கொடை திரட்டினார்கள். அதில் கோபுரத்துக்கு ஆனது ஏறத்தாழ 4 லட்சத்து 70 ஆயிரம்தான், பெரும்பங்கு அதே வளாகத்தில் ராணுவத் தலைமையகம் கட்டுவதற்குப் போனது. ‘கான்கிரீட் கோட்டைதானே’ என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு விவரம்: ஹிதேயோஷி காலத்துக் கோபுரமோ தொக்குகவா காலத்துக் கோபுரமோ நாற்பது ஆண்டுகளைக் கூடத் தாண்டவில்லை. மூன்றில் நீண்ட ஆயுள் கொண்டது இந்தக் கான்கிரீட்தான்.

ஆனால் கோபுரத்துக்குள் எனக்குக் கிடைத்தது குறைவு. ஒன்பது மணிக்குக் கதவு திறக்கும் முன்பே சுற்றுலாப் பேருந்துகள் வந்துவிட்டன. சீட்டுக்கும் லிஃப்ட்டுக்கும் சேர்த்து நாற்பது நிமிடம் நின்றேன். எட்டாம் தளத்தில் பிறர் தலைகளுக்கு இடையே நகரத்தைப் பார்த்துவிட்டு, காட்சிக்கூடங்கள் வழியாக இறங்கி வரும்போது மணி பதினொன்று.

இலவசமாகக் கிடைத்த ஒன்றுக்குத்தான் இன்னும் அதிக நேரம் கொடுத்திருக்க வேண்டும். சகுரா வாயிலைத் தாண்டியதும் எதிரே, மதிலில் பதிந்திருக்கும் தாக்கோ-இஷி, அதாவது ‘ஆக்டோபஸ் கல்’. ஒற்றைக் கல், தெரியும் முகம் மட்டும் ஏறத்தாழ 60 சதுர மீட்டர். என் அறையைப் போல் பன்னிரண்டு அறைகளை அந்த முகத்தின்மேல் அடுக்கலாம். எடை 108 டன் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். இன்றைய ஓக்காயாமா பகுதியின் பிரபு அதைக் கடல் வழியே கொண்டுவந்து நிறுத்தினார். முதலில் அது கல்லாகவே கண்ணுக்குத் தெரிவதில்லை, வெறும் சுவர் என்றே தோன்றும். இணைப்புகளைத் தேடிக் கண் நகர்ந்து, நகர்ந்து, இணைப்பே வராதபோதுதான் நெஞ்சு திடுக்கிடுகிறது. இடது கீழ் மூலையில் பழுப்பேறிய கறை ஒன்று எட்டுக்கால் ஆக்டோபஸ் போலக் கிடக்கிறது. பெயர் வந்தது அதனால். கல்லின் உயரத்துக்கும் அகலத்துக்கும் ஈடான கனம் அதற்கு இல்லையாம். பலகை போல் மெல்லியதாம். அறுபதுக்கும் மேற்பட்ட பிரபுக்களைத் தங்கள் செலவில் கல் இழுக்க வைத்தது, அவர்களுடைய கஜானாவைக் காலியாக வைத்திருக்கவும்தான் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வார்கள். முகம் பெரிதாகத் தெரிய வேண்டும், முதுகை யாரும் பார்க்கப் போவதில்லை என்ற பிரபுவின் கணக்கு எனக்குப் புரிந்தது. அதன் முன் நான் நின்றது பத்து நிமிடம்தான்.

நண்பகல்

இந்தப் பகுதியைச் சுருக்கமாகவே சொல்லலாம். நிப்போன்பாஷியில் இறங்கி, குரோமோன் சந்தைக்குள் நுழைந்தேன். ஒரு காலத்தில் ஒசாகாவின் சமையலறை என்று சொல்லப்பட்ட மீன் சந்தை, இப்போது குச்சியில் சொருகிய இறைச்சியைப் பயணிகளுக்கு விற்பதில்தான் மும்முரமாக இருக்கிறது. ஒன்றும் வாங்காமல் வெளியேறி, நின்றுகொண்டே சாப்பிடும் சிறு கடையில் 450 யென்னுக்குக் கித்சுனே ஊதோன் சாப்பிட்டேன். இனிப்பாக வெந்த பொரித்த தோஃபு மிதக்கும் இந்தக் கோதுமை நூடுல்ஸ் ஒசாகாவில் பிறந்தது. ஹொக்கைடோவிலிருந்து கப்பலில் வந்த கொம்பு என்னும் கடற்பாசிதான் இவ்வூர்க் குழம்பின் உயிர். குழம்பு வெளிறித் தெளிவாக இருந்தாலும் சுவை அடித்தொண்டை வரை நிற்கிறது. சைவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மேலே தோஃபு மட்டுமே தெரிந்தாலும் அந்தக் குழம்பில் உலர்மீன் சீவலும் ஊறியிருக்கும்.

டோட்டோன்போரிக் கால்வாய் 1615இல் வெட்டி முடிக்கப்பட்டது. அதன் கரையில் கைகளை உயர்த்தி ஓடும், கிளிக்கோ இனிப்பு நிறுவனத்தின் விளம்பர மனிதன் 1935 முதல் நிற்கிறான். இப்போதிருப்பது 2014இல் வந்த ஆறாவது ஆள். இரவில்தான் அவனுக்கு அழகு. நான் போனது பட்டப்பகல். பின்சந்தில் ஹோசென்ஜி கோயிலின் ஃபுதோ என்னும் காவல் தெய்வச் சிலை இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் மலர் வைப்பதற்குப் பதில் தண்ணீர் ஊற்றி ஊற்றி, கண் மூக்கு தெரியாமல் பாசி மூடிய பச்சை உருவம். நானும் ஒரு கரண்டி ஊற்றினேன். பிறகு தெருத்தெருவாகச் சுற்றி, காலணிக்கடைகளையும் மருந்துக்கடைகளையும் வேடிக்கை பார்த்து ஒன்றரை மணி நேரத்தைக் கரைத்தேன். என் நினைப்பில் ஷிதென்னோஜிக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது.

சாத்திய கதவு

ஷிதென்னோஜியை நிறுவியவர் இளவரசர் ஷோத்தொகு; ஆண்டு 593. போரில் வென்றால் நான்கு திசைக் காவலர்களுக்குக் கோயில் எழுப்புவேன் என்று அவர் நேர்ந்துகொண்டதாக வரலாறு. அந்த நால்வரில் வடக்கைக் காப்பவர் பிஷாமோன்தென், நமக்குத் தெரிந்த பெயரில் குபேரன். கட்டுவதற்குக் கொரியாவின் பெக்சே நாட்டிலிருந்து வந்த தச்சர்களில் ஒருவரின் வழியில் 578இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் கொங்கோ-குமி நிறுவனம், உலகின் மிகப் பழைய நிறுவனம் என்று அறியப்படுகிறது. கடன் சுமையால் 2006இல் வேறொரு கட்டுமானக் குழுமத்தின் கீழ் போனாலும், கோயில் வேலையை இன்றும் செய்கிறது. வேலைக்கும் குறைவிருக்கவில்லை. ஐந்தடுக்குக் கோபுரம் 1934 சூறாவளியில் சாய்ந்தது, 1940இல் எழுப்பப்பட்டது, 1945 விமானக் குண்டுவீச்சில் எரிந்தது, 1959இல் கான்கிரீட்டில் மறுபடி நிமிர்ந்தது. வாயில், கோபுரம், பொன்மண்டபம், உபதேச மண்டபம் என்று நான்கும் தெற்கு வடக்காக ஒரே கோட்டில் நிற்கும் அமைப்பு மட்டும் மாறவே இல்லை. அந்தக் கோட்டில் நடப்பதற்காகவே நான் வந்திருந்தேன்.

போய்ச் சேர்ந்தபோது மூன்று ஐம்பது. சந்தையைக் கடைக்காரர்கள் கட்டிக்கொண்டிருந்தார்கள். நீலத் தார்ப்பாயின் மேல் மிஞ்சியிருந்த பழைய கிமோனோத் துணிகள், ஒற்றைக் குவளைகள், பிடி தேய்ந்த இழைப்புளிகள், யாருடைய குடும்பத்தின் படங்களோ ஒட்டிய ஆல்பங்கள். ஒரு பாட்டி, பெட்டியில் போடவிருந்த மூட்டைத்துணி ஒன்றை எடுத்து என் முன் விரித்து, ஐந்து விரல் காட்டினார். 500 யென். இண்டிகோ நீலம், ஒரு மூலையில் பொறுமையாகப் போட்ட கைத்தையல் ஒட்டு. பேரம் பேசத் தோன்றவில்லை. வாங்கி மடித்து முடிக்கும்போது, மைய வளாகத்தின் சீட்டுச் சாளரம் மூடியிருந்தது.

காரணம் எளியது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அந்த வளாகம் நான்கரை வரை திறந்திருக்கும். அக்டோபர் முதல் மார்ச் வரை நான்கு மணிக்கே மூடிவிடும். நான் கைபேசியில் படமாகச் சேமித்து வைத்திருந்தது கோடைகாலத்து நேரம். காவலர் குனிந்து வணங்கி, இரு கைகளாலும் பெருக்கல் குறி காட்டினார். மறுநாள் காலை நான் கியோட்டோ போவதாக இருந்தது.

கோட்டை அப்போது மாலை ஐந்து வரை திறந்திருந்தது, கோயில் நான்குக்கே மூடும். கோட்டை தூரத்தில், கோயில் பக்கத்தில். கோட்டையில் காலையில்தான் கூட்டம், கோயிலில் காலையில்தான் சந்தை. கோயில் மூடும் சரியான நேரத்தைத் தவிர மற்றவை எல்லாம் என் குறிப்பேட்டிலேயே இருந்தன. வரிசையை மாற்றியிருந்தால் நாற்பது நிமிடக் காத்திருப்பும் மிச்சமாகியிருக்கும், கதவும் திறந்திருக்கும். திட்டமிடாததால் வந்த பிழை என்று சொல்ல முடியாது. புகழ்பெற்றதை முதலில் பார்க்க வேண்டும் என்ற பழக்கத்தால் வந்த பிழை.

மேற்கு வாயில்

வேறு வழியின்றி மேற்குப் பக்கம் நடந்தேன். அங்கே 1294இல் நிறுவிய கல் தோரணம் நிற்கிறது. புத்தர் கோயிலுக்கு முன் ஜப்பானின் பழைய மதமான ஷின்தோவின் தோரணம் ஏன் என்று கேட்பவர்களுக்கு, இரண்டும் பிரிக்கப்படாத காலத்தின் மிச்சம் அது என்பதே பதில். அதன் நெற்றிப் பலகை, இந்த இடம் சுகாவதி என்னும் தூய உலகின் கிழக்கு வாயிலுக்கு நேர் எதிரே இருப்பதாகச் சொல்கிறது. சம இரவு நாட்களில் சூரியன் சரியாக இந்தத் தோரணத்தின் நடுவே இறங்கும். அந்த இறக்கத்தைப் பார்த்துத் தியானிப்பதற்கென்றே மக்கள் பல நூற்றாண்டுகளாக வந்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் இந்த மேட்டின் அடிவாரத்துக்குச் சற்று அப்பால் கடல். கவிஞர் ஃபுஜிவாரா நோ இயேதாக்கா 1236இல் துறவு பூண்டு, அந்தக் கடலில் சூரியன் விழுவதைப் பார்த்தபடி சாவதற்காக இங்கே குடிசை போட்டார், மறுஆண்டு இறந்தார். அருகிலுள்ள பகுதிக்கு யூஹிகஓகா, மாலைச்சூரியன் குன்று, என்று பெயர்.

இப்போது கடல் இல்லை, மாடிக்கட்டடங்களும் மின்கம்பிகளும்தான். சம இரவு கழிந்து ஒரு மாதமாகிவிட்டதால், ஐந்தேகால் சுமாருக்குச் சூரியன் தோரணத்துக்கு இடப்புறமாக, ஒரு வங்கிக் கட்டடத்தின் பின்னால் நழுவியது. சைக்கிளில் வந்த அலுவலகப் பெண் ஒருவர் கால் ஊன்றி, கைகூப்பி, அரை நிமிடம் அசையாமல் நின்று, மிதித்துப் போனார். பிறகு ஒரு முதியவர். பிறகு பள்ளிச் சீருடையில் இரண்டு பையன்கள், நிற்கவில்லை, தலையை மட்டும் தாழ்த்தினார்கள். உள்ளே போயிருந்தால் இந்த நேரத்தில் நான் வேறெங்கோ இருந்திருப்பேன். ஆனால் அதைச் சொல்லிக் கதவு சாத்தப்பட்டதை நல்லதாக்கிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. அந்தக் கோட்டில் நான் நடக்கவில்லை என்பது நடக்கவில்லைதான்.

இருட்டத் தொடங்கிய சரிவில் இறங்கும் வழியில் இஷ்ஷின்ஜி கோயில். இறந்தவர்களின் சாம்பலை ஆண்டாண்டாகச் சேர்த்து, பத்தாண்டுக்கு ஒருமுறை ஒரு புத்தர் சிலையாக வார்க்கும் வழக்கம் அங்கே 1887 முதல் இருக்கிறது. ஒரு சிலைக்குள் பல்லாயிரக்கணக்கானோர். தனித்தனிக் கல்லறைக்கு இடமோ பணமோ இல்லாத ஒரு பெருநகரம் கண்டுபிடித்த வழி என்றும் அதைப் பார்க்கலாம். மல்லிகை வாசனை இல்லை, ஊதுபத்தி வாசனை மட்டும் தெருவரை வந்தது.

புது உலகம்

சரிவு முடியும் இடத்தில் ஷின்செகாய் தொடங்குகிறது. பெயரின் பொருள் ‘புது உலகம்’. 1903இல் தேசியத் தொழிற்கண்காட்சி நடந்த மைதானத்தில், 1912இல் பாரிஸையும் நியூயார்க்கையும் ஒரே வட்டாரத்தில் காட்டிவிடும் ஆசையில் கட்டியது. நடுவே நிற்கும் ட்சூதென்காகு கோபுரம் அசல் அல்ல. முதல் கோபுரம் 1943 தீ விபத்துக்குப்பின் பிரிக்கப்பட்டு, அதன் இரும்பு போருக்குப் போனது. இப்போதுள்ளது 1956இல், அக்கம்பக்கத்து வியாபாரிகள் பணம் போட்டு எழுப்பியது. வடிவமைத்த நைத்தோ தாச்சூதான் பின்னர் தோக்கியோ கோபுரத்தையும் வடிவமைத்தார். காலையில் பார்த்த கோட்டையும் இப்படித்தான், ஊரார் காசு.

ஜன்ஜன் யோகோச்சோ என்ற ஒடுங்கிய சந்தில், ஜப்பானிய சதுரங்கமான ஷோகி ஆடும் கூடத்தின் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே ஆறேழு பேர் நின்றிருந்தார்கள். உள்ளே விளையாடுபவர்களைவிட வெளியே நின்றவர்களுக்குத்தான் பதற்றம். என் பக்கத்தில் நின்றவர், உள்ளே ஒரு காய் நகர்ந்ததும், நாக்கைத் தட்டித் தலையை ஆட்டினார். கடையில் குச்சிப் பொரியல்: தாமரைத்தண்டு, வெங்காயம், காடை முட்டை என்று ஐந்து குச்சிகளும் ஓர் ஊலாங் தேநீரும் 1,000 யென். பொதுக் கிண்ணத்துச் சாற்றில் கடித்த குச்சியை இரண்டாம் முறை முக்கக் கூடாது என்பது இவ்வட்டாரத்தின் புகழ்பெற்ற சட்டம். சாறு போதாவிட்டால் முட்டைகோஸ் இலையால் அள்ளிக்கொள்ளலாம். தொற்றுநோய்க் காலத்துக்குப்பின் பல கடைகள் கிண்ணத்தை எடுத்துவிட்டுப் பீச்சும் பாட்டிலை வைத்துவிட்டன. நான் உட்கார்ந்த கடையிலும் பாட்டில்தான்; சட்டத்தைச் சொல்லும் பலகை மட்டும் சுவரில் அப்படியே தொங்கியது.

எட்டரைக்கு அறைக்குத் திரும்பிக் கணக்குப் பார்த்தேன். அறை 2,300, மெட்ரோ 820, கோட்டை 600, காலை உணவும் காப்பியும் 380, ஊதோன் 450, இரவுச் சாப்பாடு 1,000, துணி 500. ஆக 6,050 யென்; அன்றைய மதிப்பில் சுமார் 3,400 ரூபாய். பெருநகர ஜப்பானில் ஒரு நாளுக்கு இது மிகக் குறைவு. அந்தக் குறைவில் பெரும்பங்கு, வேறு யாரோ படுப்பதற்காக அளவெடுத்த ஒரு மூன்று பாய் அறையிலிருந்து வந்தது.

பத்து மணிக்குள் குளித்துவிட வேண்டுமே என்று துண்டுடன் இறங்கியபோது, நடைவழியின் கோடி ஜன்னலருகே காலையில் பார்த்த துணிக்காலணிக்காரர்களில் ஒருவர் நின்றிருந்தார். ஈரத் தலை, தோளில் துண்டு. கூரைகளுக்கு மேல் ட்சூதென்காகுவின் உச்சி தெரிந்தது. அந்த உச்சி விளக்கு மறுநாள் வானிலையைச் சொல்லும்: வெள்ளை என்றால் வெயில், ஆரஞ்சு என்றால் மேகமூட்டம், நீலம் என்றால் மழை. எனக்கு அது ஒரு சுவையான தகவல், அவ்வளவுதான். மழை பெய்தால் திறந்தவெளிக் கட்டுமானத்தில் கூலி கிடையாது. விளக்கு ஆரஞ்சாக இருந்தது. அவர் அதை ஒரு கணம் பார்த்துவிட்டு, “குமோரி” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார், மேகமூட்டம். பிறகு நடைவழிச் செருப்புகளைக் கதவோரம் நுனி வெளிநோக்கி இருக்கும்படி திருப்பி வைத்து, உள்ளே போய் விளக்கை அணைத்தார்.